தீரா நோயும் ஆற்றுங் கையும்

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பெருஞ்சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் அமைந்திருக்கிறது சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்றின் குறுக்கே அங்கே ஓர் அணைக்கட்டு உண்டு. அதிலிருந்து பிரியும் வெள்ளாறு இராசன் வாய்க்கால் சுற்று வட்டாரத்து நெல் வயல்களுக்கு நீரூட்டுகிறது. ஆலைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாகக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிச் செல்லும். மேற்கே போனால் விருத்தாசலம். களிமண்ணைக் குழைத்துச் சுட்டுப் பீங்கான் பொருள்கள் செய்யும் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர்.

விடியற்காலையில் அக்குறுக்குச் சாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்போரிடையே, தலையில் துண்டு கட்டிய குழந்தை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் தாய் ஒருத்தியும் இருக்கக்கூடும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ, சென்னை அடையாற்றுக்கோ அவள் செல்கிறாள். மாதக் கணக்கில் போகிறாள், வருகிறாள். நகையும் நிலமும் கைமாறுகின்றன. பின்னர் ஒரு நாள் மருத்துவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லையம்மா, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்கிறார். அன்று மாலை அதே குறுக்குச் சாலையில் அவள் இறங்குகிறாள். குழந்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இன்னும் சில கிழமைகளோ, சில மாதங்களோ இருக்கும். இரவில் வலியால் அழும். அந்நாள்களில் அக்குழந்தைக்கு மருத்துவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பதே இப்பேச்சின் பொருள்.

நோயை வேரோடு களைய இயலாதபோதும், வலியைத் தணித்து, மூச்சுத் திணறலை ஆற்றி, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்கும் மருத்துவத்தை நோய்த்தணிப்பு மருத்துவம் என்றும், ஆதரவு சிகிச்சை என்றும் இன்று வழங்குகிறோம். மேலை நாட்டார் இதற்கு இட்ட பெயர், போர்வை என்னும் பொருள்தரும் ஓர் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. போர்வை என்றதும் நமக்கு வள்ளல் பேகன் நினைவுக்கு வருகிறான். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்போர் உண்டு. குளிரையோ மழையையோ அவன் மாற்றிவிடவில்லை என்பது உண்மையே. நடுங்கும் உயிரின் அருகே நின்றவன் கையில் இருந்ததைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்கே பெருஞ்சாலையிற் சென்றால் வடலூர் வருகிறது. 1867ஆம் ஆண்டில் வள்ளலார் இராமலிங்க அடிகள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அவ்வடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. உயிர்களுக்கு நேரும் துன்பங்களை எண்ணிச் சொல்லுமிடத்து, பசியையும் தாகத்தையும் அடுத்துப் பிணியை அவர் வைத்தார். பசி என்னும் பிணிக்கு நிலையான மருந்து உலகில் இல்லை. இன்று உண்டவனுக்கு நாளை மீண்டும் பசிக்கும். அதனைக் காரணமாகக் காட்டி, உணவு இடுவது வீண் என்று எவரும் கூறுவதில்லை. ஆயின் நோயைப் பொறுத்தமட்டில், முற்றும் தீர்க்க முடியாதெனின் ஒன்றும் செய்வதற்கில்லை என்று படித்தவர்களும் நெடுங்காலம் கூறி வந்தனர்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவத்தின் வெற்றிகளே அக்காரணம் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 1940ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை, அந்நோய் கண்ட குழந்தை சில மாதங்களுள் இறப்பது உறுதி. 1948இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், 16 குழந்தைகளுக்குப் புதிய மருந்தொன்றைக் கொடுத்து, அவர்களுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை உலகுக்கு அறிவித்தார். அம்மருந்து உருவான ஆய்வுக்கூடத்தின் தலைவர் நம்மவர், எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்திற் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். கதராடை உடுத்தி அறுவைக் கூடத்துக்குச் சென்றதனால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாது தாழ்ந்த சான்றிதழ் பெற்றவர். உடன்பிறந்தார் இருவரை நோய்க்கு இழந்தவர். 1948ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார். அன்று அவர்கள் திறந்து வைத்த வழியே சென்றதனால், நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இந்நாளில் அந்நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் பிழைத்துக்கொள்கின்றனர்.

நம் மாநிலத்திலும் இழப்பே நிறுவனமாயிற்று. 1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். வயிற்றுக் கடுப்பு என்று முதலில் தவறாகக் கருதப்பட்ட நோய் அது. அத்துயரத்தை அவர் முப்பது ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு சூன் திங்களில் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கே வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அந்நிலையத்தையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு அங்கே தோன்றியது. இந்நாட்டில் அதுவே முதலாவது.

வெற்றி பெருகப் பெருக, வெற்றி கிட்டாத குழந்தையின் கட்டிலருகே மருத்துவர் நிற்கும் நேரம் குறைந்தது. இது கொடுமையினால் நேர்ந்ததன்று. தோல்வி கண்ட வெட்கத்தினால் நேர்ந்தது. இதனினும் விந்தையான ஒன்றும் உண்டு. பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது, அதன் நரம்புகள் முதிரவில்லை என்று மருத்துவர் பலர் அண்மைக் காலம்வரை நம்பினர். குறைமாதத்திற் பிறந்த சிசுக்களுக்குப் போதிய மயக்க மருந்து கொடாமலே அறுவைச் சிகிச்சை செய்தனர். எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பாள்! ஆனால் அறிவியலுக்குச் சான்று வேண்டும். அச்சான்றைக் கொடுத்தவர், இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் இந்தியர். சிசுவின் உடலும் வலியால் அதிர்கிறது. வலியை அடக்கினால் அறுவைக்குப் பின் அது நன்கு தேறுகிறது என்பதை 1987இல் வெளிவந்த அவருடைய ஆய்வு நிலைநாட்டியது. அதே காலத்தில் அமெரிக்கச் செவிலி ஒருவரும் குழந்தைநல ஊழியர் ஒருவரும் சேர்ந்து, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்களை வரைந்து குழந்தையிடம் காட்டினர். சொல்லத் தெரியாத குழந்தை தன் வலிக்குரிய முகத்தை விரலால் தொட்டுக் காட்டியது. இன்று உலகெங்கும் குழந்தைகளின் வலியை அளக்கும் கோல்களுள் அதுவும் ஒன்று.

இந்த மருத்துவத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் இலண்டன் மாநகரத்துச் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியாகத் தொடங்கிச் சமூகப் பணியாளராகி, நோயாளிகளின் வலியை மருத்துவர்கள் பொருட்படுத்துவதில்லை எனக் கண்டு, முப்பது வயதைக் கடந்தபின் மருத்துவம் படித்தவர். போலந்து நாட்டிலிருந்து அகதியாக வந்து 1948இல் புற்றுநோயால் இறந்த டேவிட் தாஸ்மா என்பவர், தம்மிடம் இருந்த 500 பவுனை அவருக்கு விட்டுச் சென்றார். நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்றாராம். அந்தச் சன்னலைச் சுற்றி வீடு கட்ட அம்மையாருக்கு 19 ஆண்டுகள் ஆயின. 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. வலி உடலோடு நிற்பதன்று. மனத்தின் வலி, உறவின் வலி, பணமுடையின் வலி, இறைவனை நோக்கி ஏன் என்று கேட்கும் வலி ஆகிய எல்லாம் சேர்ந்த முழு வலியையே தணிக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார்.

இதனைப் படிக்கும்போது எனக்குத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருகிறது. அழுகை பிறக்கும் நிலைக்களன்களை அவர் நான்காக வகுத்தார்: பிறரால் எளியராக எண்ணப்படும் இளிவு, உரியவரை இழக்கும் இழவு, முன்னிருந்த நிலையினின்றும் தாழும் அசைவு, பொருளற்ற வறுமை. தீரா நோயுற்ற குழந்தையின் வீட்டில் இந்நான்கும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கின்றன. எந்தப் பாவத்தின் பலனோ என்று அயலார் பேசும் பேச்சு இளிவு. ஓடி விளையாடிய கால்கள் துவண்டு கிடப்பது அசைவு. மருத்துவச் செலவு வறுமை. இழவு வருமுன்னரே அதன் நிழல் வந்துவிடுகிறது. மருந்துச் சீட்டில் இவற்றுள் எதற்கும் இடமில்லை அன்றோ?

சாண்டர்ஸ் அம்மையாரின் இல்லம் பெரும்பாலும் முதியோருக்கு உரியதாயிருந்தது. குழந்தைகளுக்கான முதல் இல்லம் 1982இல் ஆக்ஸ்போர்டில் தோன்றியது. மூளைக் கட்டியினால் செயலிழந்த ஹெலன் என்னும் சிறுமியைப் பெற்றோர் வீட்டிலேயே பேணி வந்தனர். அவர்கள் சற்றே இளைப்பாறட்டும் என்று, சகோதரி பிரான்சிஸ் டொமினிகா என்னும் துறவி அவ்வப்போது அச்சிறுமியைத் தம்மிடம் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஒரு குடும்பத்துக்குச் செய்த உதவி மற்றவர்க்கும் வேண்டுமெனத் தோன்றவே ஹெலன் இல்லம் எழுந்தது. அது குழந்தைகள் இறப்பதற்கென்று வரும் இடமாக மட்டும் இருக்கவில்லை. பெற்றோர் சில நாள் தூங்குவதற்கும், உடன்பிறந்த பிள்ளைகள் விளையாடுவதற்கும் உரிய இடமாக இருந்தது. குழந்தைகளுக்கான ஆதரவு சிகிச்சை நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும். நோய் தீர்க்கும் சிகிச்சையோடு கைகோத்துச் செல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பின்னர் வகுத்ததும் இக்கருத்தையொட்டியதே. புற்றுநோய் மட்டுமே இதற்குரியது என்று எண்ணிவிடலாகாது. தசைச் சிதைவு நோய், பிறவி இதயக் குறை, மூளை வாதம், தலசீமியா போன்று ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்களும் இதில் அடங்கும்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லலாமா? நம் வீடுகளில் இதனைக் கேட்பதே குற்றம். ஆயினும் மைரா புளூபாண்டு-லாங்னர் என்னும் மானிடவியலார் அமெரிக்க மருத்துவமனையொன்றில் இரத்தப் புற்றுநோயுற்ற சிறு பிள்ளைகளோடு பழகி 1978இல் எழுதிய நூல், பெரியோரைத் திடுக்கிடச் செய்தது. ஒருவரும் சொல்லாமலே பிள்ளைகள் யாவற்றையும் அறிந்திருந்தனர். பக்கத்துக் கட்டில் குழந்தை ஏன் வரவில்லை என்பதிலிருந்தும், தாயின் சிவந்த கண்களிலிருந்தும் அறிந்துகொண்டனர். அறிந்தும், பெற்றோர் வருந்துவர் என்று அறியாதவர்போல் நடித்தனர். பெற்றோர் குழந்தைக்காக நடிக்க, குழந்தை பெற்றோருக்காக நடிக்க, இரு சாராரும் தனித்தனியே துன்புற்றனர்.

இனி நம் நாட்டின் கதைக்கு வருவோம். 1986இல் பம்பாயில் டாக்டர் டிசூசா தொடங்கிய சாந்தி அவேதனா இல்லம் இந்தியாவின் முதல் ஆதரவு இல்லம். அதே வேளையில் பெரியதொரு தடை எழுந்தது. கடும் வலிக்குரிய மருந்துகளுள் தலையாயது மார்பின். அபினியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தவர் செர்ட்டூர்னர் என்னும் செருமானிய மருந்தாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் இளம் வயதில் அவர் செய்த செயல் அது. மருத்துவ உலகுக்கு வேண்டிய அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் மிகச் சில நாடுகளுள் இந்தியா ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் இராசத்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அது விளைகிறது; காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்க ஆலைகள் உண்டு. அத்தகைய நாட்டில், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், மருந்துக் கடைகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மார்பின் மறையத் தொடங்கிற்று. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் பல துறைகளிடமிருந்து பல உரிமங்கள் பெற வேண்டும். ஒன்றன் காலக்கெடு முடியுமுன் மற்றொன்று கைக்கு வராது. கணக்கில் பிழை நேர்ந்தால் பத்தாண்டுச் சிறைவாசம் நேருமென்ற அச்சம் வேறு. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் நவம்பர் 14, குழந்தைகள் தினம். தற்செயலாக நேர்ந்ததே எனினும், வலியால் அழுத குழந்தைகளை எண்ணும்போது அந்நாள் நெஞ்சை உறுத்துகிறது.

வழி திறந்தது கேரளத்தில். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் இராசகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து வலி தணிப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். நோயாளி மருத்துவமனைக்கு வருவதைக் காட்டிலும், மருத்துவமனை நோயாளியின் வீட்டுக்குச் செல்வதே பொருத்தம் என்று விரைவிலேயே கண்டுகொண்டனர். மருத்துவர் சிலரால் எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும்? ஆகவே ஊராரையே பயிற்றினர். ஆசிரியரும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் கிழமைக்குச் சில மணி நேரம் கொடுத்தனர். சிறு தொகைகளாக நன்கொடை திரண்டது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. மகாராஷ்டிரத்தில் பழங்குடியினர் வாழும் மலைப்பகுதியான ஜவ்ஹாரில், 2010ஆம் ஆண்டையொட்டிக் குழந்தைகளுக்கான ஆதரவு சிகிச்சைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெருநகரமும் பெருமருத்துவமனையும் இல்லாத இடத்திலும் இப்பணி நடைபெறும் என்பதற்கு அது சான்று. டாக்டர் இராசகோபால் முதலானோர் நெடுங்காலம் வாதாடியதன் பயனாக, 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. பல உரிமங்களின் இடத்தில் ஓர் உரிமம் வந்தது.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடிச் சென்று மாத்திரை கொடுப்பதாகவே பலர் அதனை அறிவர். ஆனால் ஆதரவு சிகிச்சையில் பயிற்சி பெற்ற செவிலியும், இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருதல் அதன் உறுப்புகளுள் அடங்கும். சேத்தியாத்தோப்புப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு இதன் பொருள் பெரிது. குறுக்குச் சாலையில் இறங்கிய தாயின் வீட்டுத் திண்ணைக்கு, எழுபது எண்பது கல் தொலைவு போகாமலே ஒரு செவிலி வந்து அமரலாம். மருத்துவமனைகள் யாவற்றிலும் மார்பின் இருக்கிறதா, குழந்தையின் எடைக்கேற்ற அளவை அறிந்து கொடுக்கும் மருத்துவர் அருகில் உண்டா என்பனவே, இத்திட்டம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பயன்படும் என்பதைத் தீர்மானிக்கும். சட்டம் திருந்தியதும் மருந்து தானே நடந்து வந்துவிடாது.

குழந்தை இறந்தபின் என்ன? நம் வழக்கங்கள் இவ்விடத்தில் சற்றுக் கடுமையானவை. வயது முதிர்ந்தவர் இறந்தால் பதினாறு நாள் ஊர் கூடுகிறது. ஒப்பாரி உண்டு, சடங்கு உண்டு, தலைத் திவசம் உண்டு. சிறு குழந்தையாயின், பல சமூகங்களில் எரிக்காமல் புதைத்துவிட்டு அன்றோடு முடித்துக்கொள்கின்றனர். "வேறொன்று பிறக்கும், அழாதே" என்று தாய்க்கு ஆறுதல் கூறுகின்றனர். "தம்பி எப்போது வருவான்?" என்று கேட்கும் அக்காளுக்கு, ஊருக்குப் போயிருக்கிறான் என்ற பதிலே கிடைக்கிறது. துயரத்துக்குக் காலமும் இடமும் வகுத்த நம் முன்னோர், மிகப் பெரிய துயரத்துக்கு மிகக் குறைந்த காலத்தை ஒதுக்கியது ஏன்? குழந்தைச் சாவு வீடுதோறும் நிகழ்ந்த காலத்தில், ஒவ்வொன்றுக்கும் பதினாறு நாள் அழுதால் ஏர் ஓடாது என்பது காரணமாயிருக்கலாம்.

1966 அக்டோபர் 21ஆம் நாள், வேல்சு நாட்டில் அபர்வான் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில், நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 குழந்தைகளும் 28 பெரியோரும் மாண்டனர். அவ்வூர்ப் பெற்றோருக்குத் துணை செய்யச் சென்ற காலின் மர்ரி பார்க்ஸ் என்னும் மனநல மருத்துவர், பின்னர்ச் சாண்டர்ஸ் அம்மையாரின் இல்லத்தில், இறந்தவரின் குடும்பத்தாரைத் தொடர்ந்து சென்று காணும் முறையை அமைத்தார். 1969இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் மற்றொன்று நிகழ்ந்தது. ஒரே மருத்துவமனையில் மகன்களை இழந்த இரு பெற்றோர் ஒருவரையொருவர் தேற்றக் கண்ட பாதிரியார் ஒருவர், தம் சொற்களால் இயலாததை அவர்கள் செய்கின்றனர் என்று உணர்ந்தார். பிள்ளையை இழந்தோர் பிள்ளையை இழந்தோருக்குத் துணையாகும் சங்கம் அவ்வாறு பிறந்து, பல நாடுகளுக்கும் பரவியது.

சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே அதே பெருஞ்சாலையில் சென்றால் கும்பகோணம். 2004 சூலை 16ஆம் நாள் அங்கே காசிராமன் தெருப் பள்ளியில் எழுந்த தீயில் 94 குழந்தைகள் மடிந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் பெற்றோர் அவ்விடத்தில் கூடுகின்றனர். படங்களுக்கு மலரிட்டு விளக்கேற்றுகின்றனர். எந்தச் சாத்திரமும் அவர்களுக்கு இச்சடங்கை வகுத்துக் கொடுக்கவில்லை. அவர்களே வகுத்துக்கொண்டனர். நோயால் ஒரு குழந்தையை இழந்த வீட்டுக்கு அத்தகைய நாளும் இல்லை, உடன் நிற்கும் கூட்டமும் இல்லை. ஆகையால்தான் ஆதரவு சிகிச்சையில் பயின்ற செவிலியர், இறப்புக்குப் பின்னரும் சில முறை அவ்வீட்டுக்குச் செல்கின்றனர். குழந்தையின் பெயரை வாய்விட்டுச் சொல்லி அதைப் பற்றிக் கேட்கின்றனர். அப்பெயரைச் சொல்லலாகாது என்று சுற்றத்தார் அஞ்சி ஒதுங்கும் நாள்களில், அதனைச் செவியாற் கேட்பதே தாய்க்குப் பெரிய ஆறுதலாகிறது.

மாணவ நண்பர்களே, கோழிக்கோட்டில் கல்லூரி மாணவர்கள் இப்பணிக்கெனத் தமக்குள் ஓர் அமைப்பே ஏற்படுத்திக்கொண்டு, வீடுகளுக்குச் செல்லும் குழுவினரோடு தாமும் செல்கின்றனர். ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. அதற்கு அவசியமும் இல்லை. நெடுநாள் நோயுற்ற பிள்ளைகளோடு பழகியவர்கள் எல்லோரும் ஒன்றைக் கூறுகின்றனர். அப்பிள்ளைகள் மிகுதியும் கேட்பது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். இன்று என்ன பாடம் நடந்தது, என் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறான், பந்தாட்டத்தில் எந்த வகுப்பு வென்றது என்பவையே அவர்களின் கேள்விகள். அவற்றுக்கு விடை, மருத்துவரிடமோ செவிலியிடமோ இல்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த தோழனிடம் இருக்கிறது.